ஊற்றுக்கு வழி சொல்லாத கதை

1

செங்கம்மாவுக்கு வலது கையைத் தலைக்கு மேலே தூக்க முடியவில்லை. ஜாக்கெட் மாட்டவே பக்கத்து வீட்டுப் பத்மினியைக் கூப்பிடுகிறாள். மூன்று நாள் ஊற்றுக்குள் நின்று சேற்றுக்கூடை தூக்கிய தோள் அது.

இந்தத் தோள் வலியில்தான் கதை பிறந்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். பொய். கதை பிறந்தது இரண்டு வருடத்துக்கு முன்பு நான் ஒரு பத்திரிகையில் எழுதிய ஒரு பக்கக் கட்டுரையில். தலைப்பு, 'யாருமே இல்லாத சுனை'. படமும் வழியும் நான் கொடுத்தவை. அதைப் படித்துவிட்டு வந்தவர்கள் போட்ட பாட்டில்கள்தான் அந்தச் சேற்றில் கிடந்தன.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

நாகலாபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, கோயில் மதிலை ஒட்டியே நடந்தால்

[நிறுத்திவிட்டேன். அன்றைக்கும் இதே வாக்கியத்தைத்தான் எழுதினேன். இன்னும் இரண்டு வரி போனால் நீங்கள் ஊற்றில் நிற்பீர்கள்.]

அடுத்தது:

பாறை இடுக்கிலிருந்து கசிந்து நிரம்பும் அந்தத் தண்ணீரில், அடியில் கிடக்கும் கூழாங்கல்கூட

[இது அதைவிட மோசம். வழியை மறைத்துவிட்டு ஆசையைக் கிளப்புகிறேன். வழியை நீங்கள் போனில் தேடிக்கொள்வீர்கள்.]

நான் நன்றாக எழுதும் ஒவ்வொரு வரிக்கும் ஒரு வேன் வந்து நிற்கும். அதனால் இந்தக் கதையில் ஊற்று அழகாக இருக்காது. ஆந்திர எல்லையில், நாகலாபுரம் பக்கத்து மலையடியில் ஒரு ஊர், அந்த ஊருக்கு ஒரு ஊற்று, அவ்வளவுதான். குழாயில் வருவது உப்பு. குடிக்க, உலை வைக்க, ஆட்டுக்குக் காட்ட எல்லாம் ஊற்றுத் தண்ணீர். பங்குனி முடிவதற்குள் வெறுங்காலோடு உள்ளே இறங்கித் தூர் வாரி, அடைந்த ஊற்றுக்கண்ணைத் திறந்துவிட வேண்டும். திறக்காவிட்டால் சித்திரையில் ஒரு குடம் ஊற அரை நாள் ஆகும். தண்ணீர் எடுக்கிற வீடு ஒரு ஆள்* தர வேண்டும். யாரும் எழுதி வைக்காத சட்டம்.

* ஆள் என்றால் ஒரு உடம்பு, ஒரு முழுப் பகல். பணமாகக் கொடுத்தால் செல்லாது. வேலை தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கூடையாவது தூக்கலாம்.

3

[இது செங்கம்மா சொன்னபடி.]

ஞாயிற்றுக்கிழமை. செங்கம்மா ஆடுகளை ஓட்டிக்கொண்டு மலை ஏறுகிறாள். மேலேயிருந்து ஈரத்தலையோடு எட்டுப் பேர் இறங்குகிறார்கள். சென்னைப் பிள்ளைகள். ஷாம்பு வாசனை அவர்களுக்கு முன்னால் வந்தது. முதலில் வந்தவன் பெயர் சுதீர்.

"அக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கலாமா? இங்க ஆளே இருக்க மாட்டாங்கன்னு படிச்சோம்."

"நான் இன்னா கல்லா?" என்றாள் செங்கம்மா. "குளிச்சீங்களா?"

"குளிச்சோம்க்கா. ஆனா குப்பை எதுவும் போடல. எல்லாத்தையும் கவர்ல கட்டி எடுத்துட்டு வந்துட்டோம். கீழ ஊர் முனையில வச்சிட்டுப் போயிடுவோம்."

"எங்க ஊரு இன்னா உன் குப்பைத்தொட்டியா? வந்து அள்றது யாரு, உங்க நைனாவா?"

பின்னால் நின்ற பெண் சிரித்துவிட்டாள். சுதீர் சிரிக்கவில்லை.

"நீங்க சோப்பு போட்டுக் குளிச்ச தண்ணியத்தான் நாங்க குடிச்சிக்கினு கீறோம். சரி, குளிச்சாச்சு. ஆள் குடுக்கணும்."

"எவ்ளோக்கா?" அவன் போனை எடுத்தான். "ஜிபே இருக்கா?"

"காசு இல்லடா, ஆளு! பங்குனியில தூர் வார்றப்ப வந்து எறங்கணும். எட்டுப் பேர் குளிச்சீங்க, எட்டு ஆளு."

"மார்ச் எண்டுக்கா. லீவு கிடைக்காது."

"எங்களுக்கு மட்டும் கலெக்டரு லீவு குடுத்துக்கினு கீறாரா?"

[சுதீரை முட்டாளாக்கிவிட்டேனோ என்று சந்தேகம். முட்டாளாக்கினால் 'நான் அவன் இல்லை' என்று நீங்கள் தப்பித்துவிடுவீர்கள். அவன் நல்ல பையன். ஆட்டுக்கு பிஸ்கட் கொடுத்தான். என்னை நம்பி வந்தவன்.]

இதே நாம்தான் திருமலை ஏறினால் வரிசையில் மணிக்கணக்காக நிற்கிறோம். செருப்பைக் கழற்று என்றால் கழற்றுகிறோம், போனை ஒப்படை என்றால் ஒப்படைக்கிறோம். அதட்ட ஆள் இருக்கிற இடத்தில் மரியாதை தன்னால் வருகிறது. ஆட்டுக்காரி சொன்னால் மட்டும் காது அடைத்துக்கொள்கிறது. இதற்கு இயற்கை நேசம் என்று பெயர் வைத்திருக்கிறோம். தூ.

4

நான் செங்கம்மாவிடம் அகப்பட்டது மாசியில். 'பாட்டில்கள் குவிந்த சுனை' என்று இன்னொரு கட்டுரை எழுதலாம் என்று போயிருந்தேன். ஆமாம், அதிலும் ஒரு கட்டுரை.

அவள் புருஷன் பாலையா வாசலில் கயிற்றுக் கட்டிலில் இருந்தார். குதிகாலில் கட்டு. ஆட்டுக்குத் தண்ணீர் காட்ட ஊற்றில் இறங்கியபோது உடைந்த பாட்டில் சில்லு ஏறியது. சர்க்கரை உடம்பு, ஆறவில்லை.

"வாப்பா. எழுதற பிள்ள வந்துகீது பாரு, செங்கம்மா."

"இவனா? யாருமே இல்லன்னு எழுதினவன்?" அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "அன்னிக்கு உனக்கு வழி காமிச்சது யாரு, பேயா? உன் பையத் தூக்கிக்கினு முன்னால போனது யாரு? எங்கூட்டுக் களியத் துன்னுட்டுத்தான போன?"

உண்மை. பாலையா முன்னால் நடந்து முள்ளை ஒதுக்கிக் கொடுத்தார். கட்டுரையில் அவரை எடுத்துவிட்டேன். ஆள் இருந்தால் இடம் தனிமையாகத் தெரியவில்லை. என் நைனா ரேணிகுண்டாவில் லாரிக்கு மூட்டை ஏற்றியவர். அவரை எவனாவது இப்படித் துடைத்துப் போட்டு எழுதியிருந்தால் செருப்பால் அடித்திருப்பேன்.

"வுடு செங்கம்மா," என்றார் பாலையா. "எழுத்துல எல்லாத்தையும் போட முடியுமா?"

"போட வேணாம். இந்த வருசம் உன் காலு சேத்துல எறங்காது. உனக்குப் பதிலு இவன் எறங்கட்டும். இன்னா, வரியா?"

"வரேன்க்கா."

"பங்குனி அமாவாசை தாண்டி மூணாம் நாளு. வெள்ளன வரணும். நோட்டு, பேனால்லாம் வேணாம்."

5

முடிவுகள்.

ஒன்று: சுதீரும் கூட்டமும் கையுறை போட்டுக்கொண்டு வந்து இறங்குகிறார்கள், ஊர் கைதட்டுகிறது. இதைத்தான் நீங்கள் விரும்புவீர்கள். பாதி எழுதியதும் நானே கிழித்துப் போட்டேன்.

இரண்டு: ஊரார் முள் வெட்டிப் போட்டு வழியை அடைக்கிறார்கள். இது நடந்தது. அடுத்த ஞாயிறே வந்தவர்கள் அந்த முள்ளை இழுத்து அடுப்பு மூட்டிக் கோழி சுட்டார்கள்.

மூன்று: அமாவாசை தாண்டி மூன்றாம் நாள் விடியற்காலையில் நான்

[இல்லை. அன்றைக்கு நான் சென்னையில் இருந்தேன். 'பொறுப்பான பயணம்' என்று ஒரு கூட்டம், பேசக் கூப்பிட்டிருந்தார்கள். குளிரூட்டிய அறை. நன்றாகப் பேசினேன்.]

சில்லுக்குப் பயந்து பாதி வீடுகளிலிருந்து ஆள் வரவில்லை. வந்தவர்கள் காலில் கோணி சுற்றிக்கொண்டு இறங்கினார்கள். பாலையாவின் இடத்தில் செங்கம்மா நின்றாள். ஒரு நாள் வேலை மூன்று நாள் இழுத்தது. அப்படியும் பாதிக் கண்தான் திறந்தது.

நேற்று போன் செய்தாள். "மீட்டிங்குல இன்னா பேசின?"

வராததற்கு மீட்டிங் என்றுதான் அவளிடம் காரணம் சொல்லியிருந்தேன்.

"சித்திரை பொறந்துடுச்சி. மீதிக் கண்ணு அடைஞ்சே கெடக்குது. ஆடு கத்திக்கினே கீது, கேக்குதா?" வைத்துவிட்டாள்.

நான்காவது முடிவை எழுத மாட்டேன். எழுதிவிட்டால் செய்துவிட்ட மாதிரி நிம்மதி வந்துவிடும், எனக்கும் உங்களுக்கும். அந்த ஊற்றில் குளித்தவர் நீங்கள் என்றால் உங்களுக்கு வழி தெரியும், நான் சொல்ல வேண்டியதில்லை. மண்வெட்டியோடு போங்கள். குளிக்காதவர்கள் தயவுசெய்து போக வேண்டாம்.

என் கணக்கு இது. பாலையா வீட்டுக்கு நான் ஒரு ஆள் பாக்கி. இன்னும் கொடுக்கவில்லை.