பக்கத்து சீட்டில் சிவப்பு விளக்கு

என் வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறார். கார் ஓட்டத் தெரிந்தவர்கள் ஊரில் எத்தனையோ பேர். ஓட்டத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் முகம் மாறாமல் உட்காரத் தெரிந்தவர் இவர் ஒருவர்தான். எதிரே லாரி வரும், பழகுகிறவர் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொள்வார். இவர் தன் காலடியில் இருக்கும் தனி பிரேக்கை மிதித்துவிட்டு, "இப்போ கண்ணைத் திறந்துக்கலாம்" என்பார். அந்த முகத்துக்காகத்தான் ஆட்கள் தேடி வருகிறார்கள். அதே முகத்தோடுதான் என் சமையலையும் சாப்பிடுகிறார். பிடித்திருக்கிறதா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

போன வருடம் அவருக்கு நெஞ்சு வலித்தது. அதையும் அந்த முகத்தோடுதான் சொன்னார். ரத்தக்குழாயில் அடைப்பு என்று சரிசெய்து அனுப்பினார்கள். வெளியூரில் வேலை பார்க்கும் என் மகள் உடனே ஒரு கைப்பட்டை வாங்கி அனுப்பினாள். மணிக்கட்டில் கட்டிக்கொண்டால் நாடித்துடிப்பை எண்ணிக்கொண்டே இருக்கும். எகிறினால் பட்டையில் சிவப்பு விளக்கு எரியும். எகிறினாலும் இறங்கினாலும் என் போனுக்கும் மகள் போனுக்கும் செய்தி வரும். இவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டரம்மா அதற்கும் ஒரு படி மேலே போனார்.

"பகல் பூரா இதைக் கட்டியிருந்தா வண்டியில உட்காருங்க. இல்லேன்னா வீட்டுல உட்காருங்க."

மேல்வீட்டு அம்மா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் கட்டினா இல்லாத வியாதியும் வந்துடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். என் தம்பி சிரித்தான். "உடம்புக்கு மீட்டரா? மாமா என்ன டாக்ஸியா?"

தம்பி எங்கள் ஸ்கூலில் ஆபீஸைப் பார்த்துக்கொள்கிறான். பார்த்துக்கொள்கிறான் என்றால், உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பான். எங்கள் வீட்டில் அவனுக்கு ஹேண்ட்பிரேக் என்று பெயர். கூரை இடிந்து விழுந்தாலும் "விழட்டும்க்கா, அப்புறம் பார்க்கலாம்" என்பான். கொஞ்ச நாளாக மாடிப்படியில் பாதியில் நின்று வேடிக்கை பார்க்கவும் ஆரம்பித்திருந்தான். சோம்பேறித்தனம் முற்றிவிட்டது என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

பட்டை வீட்டில் ஒழுங்காக இருந்தது. காரில்தான் வம்பு. கண்ணாடியைப் பார்த்து ஓட்டு என்று சொல்லிக்கொடுத்தால், எல்லோரும் இவர் மணிக்கட்டைப் பார்த்து ஓட்டினார்கள். முகத்தில் ஒன்றும் தெரியாது, கையில் சிவப்பாக எரியும். பேங்க் மேனேஜர் அம்மா ஒருவர் நடு ரவுண்டானாவில் வண்டியை நிறுத்திவிட்டார்.

"சார், இது நான் ஓட்டினதுக்கா எரியுது?"

"இல்லம்மா, அது சும்மா எரியும்."

"திருப்பத்துலதான் எரிஞ்சுது. இவ்வளவு நாள் நல்லா ஓட்டுறேன்னு பொய்தானே சொன்னீங்க?"

அவர் அடுத்த தெரு ஸ்கூலில் போய்ச் சேர்ந்துவிட்டார். அவரைப் பார்த்து இன்னும் சிலர் போனார்கள். பட்டையைக் கழற்றினால் டாக்டரம்மா வீட்டில் உட்காரச் சொல்வார், கட்டினால் ஆட்கள் ஓடிவிடுவார்கள். இவர் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். காலையில் ஸ்கூலுக்குப் போனதும் பட்டையைக் கழற்றித் தம்பி கையில் கட்டி, சட்டையின் முழுக்கையை இழுத்து மூடிவிடுவார். சாயங்காலம் திரும்ப வாங்கிக் கட்டிக்கொண்டு நல்ல பிள்ளையாக வீட்டுக்கு வருவார். எனக்குத் தெரியாது. மகளுக்கும் தெரியாது.

பட்டையில் பதிவான கணக்கைப் பார்த்து டாக்டரம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "வேலை நேரத்துல இவ்வளவு நிதானமான துடிப்பா! இந்த வயசுல நான் பார்த்ததே இல்ல" என்று பக்கத்து அறை டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினார். என் வீட்டுக்காரர் அடக்கமாக உட்கார்ந்திருந்தார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அந்த நிதானம் ஒருநாள் மத்தியானம் அளவுக்கு மீறிப் போனது. துடிப்பு மிகக் குறைவு என்று போன் அலறியது. நான் செருப்பைத் தேடுவதற்குள் மகள் அங்கிருந்தே ஆம்புலன்ஸை அனுப்பிவிட்டாள். ஸ்கூல் வாசலில் ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவரைக் காரிலிருந்து இறக்கி ஸ்டிரெச்சரில் படுக்க வைத்தார்கள். எனக்கு ஒன்றுமில்லை, பட்டை என் கையில் இல்லை என்று சொன்னால் குட்டு உடைந்துவிடும். ஹேண்ட்பிரேக்குக்கு என்ன வரப்போகிறது, மிஷினுக்குத்தான் கிறுக்கு என்று நினைத்து, கல்லுக்குண்டு மாதிரி இருந்த மனிதர் சத்தம் போடாமல் படுத்துக்கொண்டார். துணைக்குத் தம்பி ஏறினான். ஆஸ்பத்திரியில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. இவரை நாலு பேர் தூக்கிக்கொண்டு மாடி ஏற, பின்னால் இவருடைய பையைத் தூக்கிக்கொண்டு அவன் ஏறியிருக்கிறான்.

நான் போனபோது இவர் உடம்பெல்லாம் ஒயரோடு படுத்திருந்தார். தலைமாட்டில் இருந்த மிஷின் ஒரு குறையும் சொல்லவில்லை. டாக்டரம்மா திரையையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. பட்டை எங்கே?"

"அது... கார் சீட்டுல கழட்டி வெச்சுட்டேன்."

அந்த நேரம் பார்த்து என் கையில் இருந்த போன் மறுபடியும் அலறியது. துடிப்பு மிகக் குறைவு. டாக்டரம்மா அதை வாங்கிப் பார்த்தார்.

"கார் சீட்டுக்கு எப்படிங்க நாடி துடிக்கும்?"

என் வீட்டுக்காரர் திறந்திருந்த கதவைப் பார்த்தார். வராந்தா பெஞ்சில் தம்பி பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முகம் வெளுத்திருந்தது. தலை மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தது.

"ஐயோ, அவன் கையில இருக்கு! மச்சான் கையில இருக்கு!"

ஒயர்களைப் பிய்த்துக்கொண்டு, முதுகுப் பக்கம் முடிச்சு அவிழ்ந்த ஆஸ்பத்திரி அங்கியோடு ஓடினார். அவன் கீழே விழுவதற்குள் பிடித்துவிட்டார். அத்தனை பேர் பார்க்க அவர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

தம்பியைக் கண்விழிக்க வைத்து அதே கட்டிலில் படுக்க வைத்தார்கள். அவன் இதயமும் அவனைப் போலவே துடிப்பதை அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப் போட்டுக்கொண்டிருந்ததாம். துடிப்பைத் தூண்டிவிட நெஞ்சுக்குள் ஒரு சின்னக் கருவி வைக்க வேண்டும் என்றார்கள்.

"பட்டையே வேண்டாம்னேன். இப்போ உள்ளேயே மீட்டர் வைக்கிறாங்களேக்கா" என்றான். அதற்குமேல் அவனுக்குப் பேசத் தெம்பில்லை. படியில் நின்றவனைத் திட்டியதெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது. அழுகையாக வந்தது, அழுதேன்.

டாக்டரம்மா தம்பி கையிலிருந்த பட்டையைக் கழற்றி, தன் கையாலேயே இவருக்குக் கட்டினார். "இதுல சிவப்பு எரிஞ்சா, உங்களுக்கு மறுபடி சோதனை பண்ணி முடிக்கிற வரைக்கும் வண்டி கிடையாது" என்று மட்டும் சொன்னார். வேறு எதுவும் திட்டவில்லை. திட்டியிருந்தால் இவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் தம்பியை உள்ளே கொண்டுபோனார்கள். கதவு மூடியது. நாங்கள் இரண்டு பேரும் அதே பெஞ்சில் உட்கார்ந்தோம். இவர் முகம் வழக்கம்போல இருந்தது. லாரி வந்தாலும் மாறாத முகம்.

"அவனுக்கு ஒண்ணும் ஆகாது. நீ பயப்படாதே" என்றார்.

அவர் சட்டைக் கைக்குள்ளிருந்து சிவப்பாக எரிந்தது. என் போன் அலறியது, எடுத்துப் பார்த்தேன். அந்த எண்ணுக்கு எந்தக் கற்றுக்குட்டியும் இவர் நாடியை ஏற்றியதில்லை. வராந்தாவின் கடைசியில் டாக்டரம்மா வந்துகொண்டிருந்தார்.

"என்னங்க, அவங்க வர்றாங்க. கொஞ்ச நேரம் கழட்டி வெச்சுக்கோங்களேன்."

அவர் சட்டைக் கையை மேலே மடித்துவிட்டுக்கொண்டார்.

"எரியட்டும்" என்றார்.