செமினோமா என்றுதான் சொன்னார்கள்

ஜெபசீலனுக்கு ஒரு விதை வீங்கத் தொடங்கி ஐந்து மாதம் ஆகியும் அவன் யாரிடமும் சொல்லவில்லை. வயது முப்பத்திரண்டு, சிறுசேரியில் மென்பொருள் வேலை. சொல்ல வெட்கம். வலியும் இல்லாததால் தானே சரியாகிவிடும் என்று இருந்துவிட்டான். ஒருநாள் தற்செயலாகப் பார்த்துவிட்ட மனைவி கிறிஸ்டிதான் அவனை மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

வீட்டுக்குப் பக்கத்திலேயே சின்ன மருத்துவமனை. விதையை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள்.

"செமினோமான்னு வந்திருக்கு. கேன்சர்தான், ஆனா சுலபமா குணமாகுற வகை," என்றார் டாக்டர். மேலே பரவாமலிருக்க வயிற்றுக்குக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். கணவனைக் குணமாக்கியதற்காகக் கிறிஸ்டி சர்ச்சில் எழுந்து சாட்சி சொன்னாள். என்ன நோய் என்பதை மட்டும் சொல்லவில்லை.

கதிர்வீச்சு முடிந்த ஏழாவது மாதம் இருமல் வந்தது. நுரையீரல் முழுக்கப் புள்ளிகள். தாம்பரத்தில் ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போனார்கள். அங்கே டாக்டர் சந்திரிகா பழைய தாள்களைப் புரட்டினார்.

"ஆபரேஷனுக்கு முன்னாடி ரத்தத்துல ஏ.எஃப்.பி. பார்க்கலையா?"

"அப்படி எதுவும் எடுக்கல மேடம்," என்றாள் கிறிஸ்டி.

இப்போது எடுத்தார்கள். பத்துக்குள் இருக்க வேண்டியது ஏழாயிரம் காட்டியது.

"இது ஒரு புரதம்மா. செமினோமா இதைச் சுரக்காது. அப்போ உள்ள வேற வகையும் கலந்திருக்கணும்."

மெழுகில் பதித்து வைத்திருந்த பழைய கட்டித் துண்டை வரவழைத்து, புரதங்களைக் காட்டும் சாயங்களை ஏற்றிப் பார்த்தார்கள். பெரும்பகுதி செமினோமாதான். ஓர் ஓரம் மட்டும் வேறு வகை. பரவியிருந்தது அதுதான்.

"முதல்லயே தெரிஞ்சிருந்தா?" என்று கேட்டாள் கிறிஸ்டி.

"கதிர்வீச்சுக்குப் பதிலா கீமோ கொடுத்திருப்போம்," என்றார் சந்திரிகா. அவள் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

கீமோ தொடங்கியது. ஏழாயிரம் தொள்ளாயிரமாகி, எண்பதானது. அந்த வாரம் ஜெபசீலன் பிரியாணி கேட்டுச் சாப்பிட்டான். அடுத்த சோதனையில் முந்நூற்று நாற்பது. மருந்தை மாற்றினார்கள், ஐயாயிரம் ஆனது. அதற்குப் பிறகு அவன் எண்ணைக் கேட்பதில்லை. செல்போனில் ரிப்போர்ட்டைப் படிக்கும் கிறிஸ்டியின் முகத்தைப் பார்ப்பான், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான்.

"அஞ்சு மாசம் மறைச்சேன். ஒரு தடவையாவது திட்டிடேன் கிறிஸ்டி," என்றான் ஒருநாள்.

கோபம் அவளுக்கு இருந்தது. குச்சியாகிவிட்ட அவன் கைகளைப் பார்த்தாள், போர்வையை இழுத்துவிட்டாள்.

கிறிஸ்துமஸுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது அவன் இறந்தான்.

அடக்கம் முடிந்த மறுநாள் எதிர்வீட்டு சாமுண்டீஸ்வரி இரண்டு பெண்களோடு வந்தாள். "நுரையீரல்ல கேன்சராமே. சிகரெட் பழக்கம் இருந்துச்சா?"

"இல்லக்கா. விதையில வந்தது. வீங்கினத வெட்கப்பட்டுக்கிட்டு சொல்லாம இருந்துட்டாரு. உங்க வீட்டு ஆம்பளைங்ககிட்ட சொல்லி வைங்க."

மூவரும் தலை குனிந்துகொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் எழுந்து போய்விட்டார்கள்.

உள்ளேயிருந்து மாமியார் வந்தாள்.

"அவன் மானத்தையாவது விட்டு வெச்சிருக்கலாமேம்மா," என்று சொல்லி அழுதாள்.