எர்சீலியாவை இன்னொரு முறை சாகச் சொன்னார்கள்

1

இந்தக் கதை வயிற்றெரிச்சலில் பிறந்தது. இத்தாலியின் பார்மா நகரில் ஓபரா என்னும் இசைநாடகங்களுக்குப் பாட்டு எழுதிப் பிழைக்கிறவன் நான். முன்பெல்லாம் என் வரிகள் கொஞ்சமாவது காதில் விழும். இப்போது நான்கு கொம்பு, மூன்று டிரம்போன், ஒரு பட்டாளம் வயலின். காதலி "போய்வருகிறேன்" என்கிறாளா, "பூசணிக்காய்" என்கிறாளா என்று அவளைப் பெற்றவளுக்கே புரியாது. கதையிலாவது யாரும் குறுக்கே ஊத மாட்டார்கள் என்று இங்கே வந்தேன்.

2

தொடக்கம்: மெழுகுவர்த்திகள் நடுங்கின, விதி தன் கறுப்புச் சிறகை—

(வேண்டாம். இந்தச் சிறகை ஏற்கெனவே மூன்று ஓபராக்களில் விற்றாயிற்று.)

இன்னொரு தொடக்கம்: எர்சீலியா வரோலிக்குத் தொண்டைப் புண்.

இது தேவலை. எர்சீலியா எங்கள் கதாநாயகி. கடைசிக் காட்சியில் விஷம் குடிப்பாள். முதல் அங்கத்துக் காதல் மெட்டை செல்லோ வாத்தியங்கள் மெல்ல ஞாபகப்படுத்தும்; பிறகு மொத்த இசைக்குழுவும் பொங்கும்; அதற்கும் மேலே அவள் குரல் ஏற வேண்டும். இசையமைத்து, கோல் அசைத்து இசைக்குழுவையும் நடத்துகிற பெல்கிராந்தியை வில்லனாக்கிப் பார்த்தேன். அவளுக்குத் தினமும் தேன் கொண்டுவந்து தருகிற மனிதரை எப்படி வில்லனாக்குவது?

"மாஸ்ட்ரோ, டிரம்போனைக் கொஞ்சம் அடக்கிக்கங்களேன். ஒரு தடவை சாகத்தான் தொண்டையில தெம்பு இருக்கு."

"டிரம்போன் இல்லாம செத்தா எவன்மா நம்புவான்?"

3

செத்தாள். அற்புதமாகச் செத்தாள். என் வரி ஒன்றுகூடக் கேட்கவில்லை, ஆனாலும் அழுதேன். உடனே அரங்கின் மேல்மாடி ரசிகர்களிடமிருந்து "பிஸ், பிஸ்" என்று கூச்சல். திரும்பப் பாடு என்று அர்த்தம். எங்கள் ஊரில் பிணமும் எழுந்து பாடித்தான் ஆக வேண்டும். மறுத்தால் விசிலடித்தே விரட்டுவார்கள். அப்புறம் எந்த அரங்கமும் கூப்பிடாது.

"எந்திரிம்மா. சாவு நல்லா இருந்துச்சு, இன்னொரு தடவை செத்துக் காட்டு."

"போன வருஷம் வந்தவ மூணு தடவை செத்தா, தெரியுமில்ல?"

பெல்கிராந்தி கோலைத் தூக்காமல் அவளையே பார்த்தார். அவள் கண் திறக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"முடியாது மாஸ்ட்ரோ. இன்னொரு தடவை பாடினா குரலே போயிடும்."

4

முடிவு அ: எழுகிறாள், முன்னைவிட நன்றாகப் பாடுகிறாள். (என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். "இதுக்குத்தான் உங்க வரியை டிரம்போன் போட்டு மூடுறாங்க" என்றாள்.)

முடிவு ஆ: எழுகிறாள். உச்சியில் குரல் உடைகிறது. அதற்குப் பிறகு அவள்—

இதை எழுத மாட்டேன். எனக்கு அவளைப் பிடிக்கும்.

முடிவு இ: செத்தவள் செத்தபடியே கிடக்கிறாள். அடுத்த வருடம் அவளுக்குச் சோறு யார் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

5

எனவே பேனாவைக் கீழே வைக்கிறேன். அவள் மேடையில் மூச்சை அடக்கிக்கொண்டு படுத்திருக்கிறாள். அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்க உங்களுக்கு வாய் துறுதுறுக்கும். மேல்மாடிக்காரர்களுக்கும் இதே வியாதிதான், கிடைத்தது போதாது. கேட்பதானால் கேளுங்கள். நீங்கள் கேட்டால் அவள் எழுந்தாக வேண்டும்.