பதினாலாவது வீடு

மதிலுக்கு இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால் என்று ஏட்டு தொங்கிக்கொண்டிருந்த நேரம் பார்த்து செல்போன் அடித்தது.

மனைவி. எடுக்காவிட்டால் எடுக்கும் வரை அடிப்பாள்.

"என்ன?"

"என்ன என்ன? காலையில பையன் தட்டுல ஸ்பூனால தட்டினான்னு அந்தக் கத்து கத்தினீங்களே, இன்னும் தேம்பிக்கிட்டு உக்காந்திருக்கான். பன்னண்டு நாளா உங்களுக்கு என்னதான் ஆச்சு? தட்டாதே, தட்டாதேன்னு எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழறீங்க. எங்க இருக்கீங்க இப்போ?"

"மதில் மேல."

"ஏன், பூனையா நீங்க?"

வாசல் கேட் வழியாகப் போனால் தெருவே பார்க்கும். போனை அணைத்துவிட்டுக் கொல்லைப்புறத்தில் குதித்தார். காக்கிச் சட்டையின் ஓரம் மதில் கண்ணாடியில் மாட்டிக் கிழிந்தது. கிழியட்டும். இருபது நிமிஷம்தான் இருக்கிறது. அதற்குள் ஸ்டேஷன் ஜீப் வாசலில் வந்து நிற்கும், இன்ஸ்பெக்டர் மேடம் இறங்குவார். அதற்கு முன்னால் இந்த வீட்டுக்குள் ஆணியில் தொங்கும் ஒரு பழுப்பு நோட்டு ஏட்டுவின் கைக்கு வந்தாக வேண்டும். வந்தால் உத்தியோகம். வராவிட்டால் இருபத்தாறு வருஷ சர்வீஸும் ஆற்றில் போட்டது மாதிரி.

ஒன்பதே கால் மணிக்கு ஸ்டேஷன் போனை எடுத்தது அவர்தான். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா பேசினாள். "மீட்டர்காரர் வீட்டுலேருந்து வாடை வருதுங்க. எலி செத்துக் கிடக்குன்னுதான் நெனச்சேன். எலிக்கு இத்தனை வாடை வராதுங்க ஐயா." மேடத்துக்குத் தகவல் சொல்லச் சொல்லிவிட்டு, 'நான் முன்னாடி போய்ப் பார்க்கிறேன்' என்று பைக்கைக் கிளப்பியவர்தான். வழியில் ஒரு கடையில் நிறுத்தி மூன்று பேனா வாங்கினார். நீலம், கறுப்பு, கொஞ்சம் மங்கலான இன்னொரு நீலம். நாலு மாசக் கையெழுத்தை ஒரே மையில் போட்டால் பச்சைக் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும்.

தனியாக இருக்கும் வயசானவர்களை மாசா மாசம் ஒண்ணாந்தேதி போலீஸ் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். அது ஏட்டுவின் வேலை. ஊரில் அப்படிப் பதினாலு வீடு. வீட்டுக்கொரு பழுப்பு நோட்டு, கதவோரம் ஆணியில் தொங்கும். ஆளைப் பார்த்து, நாலு வார்த்தை விசாரித்து, அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஸ்டேஷன் பட்டியலில் 'நேரில் பார்த்தேன், நலம்' என்று எழுத வேண்டும். மாதாந்திர அறிக்கையில் இதற்கென்றே ஒரு வரி உண்டு: மொத்தம் பதினாலு, பார்த்தது பதினாலு, குறை இல்லை. ஒண்ணாந்தேதி பகல் பன்னிரண்டுக்கு முன்னால் அந்த வரியை மேலிடத்துக்கு அனுப்புவதில் ஏட்டுவை மிஞ்ச ஆளில்லை. பதினோரு வருஷமாக ஒரு மாசம் தவறியதில்லை. சக போலீஸ்காரர்கள் அவருக்கு 'ஒண்ணாந்தேதி' என்றே பட்டம் கட்டியிருந்தார்கள். மேடத்தின் நாற்காலிக்குப் பின்னால் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும் பாராட்டுச் சான்றிதழ் அதற்காக வந்ததுதான்.

ஆனால் பதினாலாவது வீட்டுக் கதவைத் தாண்டி அவர் உள்ளே போய் நாலு மாசம் ஆகிறது.

மீட்டர்காரர் மோசமான மனுஷர் இல்லை. பேச்சுதான் பெரிசு. முப்பத்திரண்டு வருஷம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்து எழுதியவர். கேட் சத்தம் கேட்டதும் எவர்சில்வர் டம்ளரால் மேசையில் டொக் டொக் டொக்கென்று தட்டுவார். 'டீ ரெடி ஏட்டையா, உள்ளே வா, அஞ்சே நிமிஷம்.' அவருடைய அஞ்சு நிமிஷத்துக்குள் ஒரு மணி நேரம் தாராளமாக அடங்கும். எந்தத் தெருவில் எந்த நாய் எப்போது கடித்தது என்பது வரைக்கும் கணக்குச் சொல்வார்.

"வீட்டுக்குப் போகாமலே ரீடிங் எழுதுறவன் எங்க ஆபீஸ்லயும் இருந்தான் ஏட்டையா. எப்படிக் கண்டுபிடிப்பேன் தெரியுமா? எல்லா மாசமும் ரொம்ப ஒழுங்கா, ஒரே மாதிரி இருக்கும். உயிரோட மனுஷன் இருக்கிற வீடு மாசா மாசம் ஒரே மாதிரி தண்ணி குடிக்காது!" என்று சொல்லிவிட்டுத் தன் ஜோக்குக்குத் தானே சிரிப்பார்.

சமையலறைக் கதவின் தாழ்ப்பாளை லைசென்ஸ் அட்டையை விட்டு நெம்பினார். திறந்ததும் வாடை முகத்தில் அறைந்தது. கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு உள்ளே போனார். அடுப்பின் மேல் மூடி வைத்த பாத்திரம், கழுவிக் கவிழ்த்த ஒரே ஒரு தட்டு. எல்லாம் ஒழுங்காக இருந்தது.

முன்னறையில்தான் கிடந்தார். வாசல் கதவுக்கு ஒரு சாண் தூரத்தில், குப்புற. ஒரு கால் இருக்கக் கூடாத கோணத்தில் திரும்பியிருந்தது. இடுப்பு முறிந்து, நாற்காலிப் பக்கமிருந்து கதவு வரைக்கும் ஊர்ந்தே வந்திருக்கிறார். தரைத் தூசியில் அந்தத் தடம் பட்டையாகத் தெரிந்தது. வலது கையோரம் டம்ளர். அதன் அடி நசுங்கியிருந்தது. கதவின் கீழ்ப்பாதியில் பெயிண்ட் சில்லு சில்லாகப் பெயர்ந்திருந்தது.

ஏட்டு சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

திருப்பிய இடத்தில் நாள்காட்டி. முப்பத்தொண்ணு என்று காட்டியது. அதாவது போன மாசக் கடைசி நாள் காலையில் தாளைக் கிழித்தவர் மறுநாள் கிழிக்க எழுந்திருக்கவில்லை. பட்டியலிலோ ஒண்ணாந்தேதி நலம் என்று இருக்கிறது. ஏட்டுவின் கை, மூளை சொல்லுமுன்பே வேலை செய்தது. முப்பத்தொண்ணு, ஒண்ணு, ரெண்டு. மூணு தாளையும் கிழித்து மடித்துச் சட்டைப் பையில் போட்டார். நாள்காட்டி இப்போது மூணாந்தேதி என்றது.

இனி நோட்டு. ஆணியில் இல்லை. மேசை மேல் இல்லை. கடைசியில் கண்ணில் பட்டது, கிழவரின் கடிகாரம் கட்டிய இடது கைக்கு அடியில். ஆணியிலிருந்து இழுத்ததில் கயிறு அறுந்திருந்தது. பக்கத்தில் ஒரு துண்டுப் பென்சில்.

"மன்னிச்சிடுங்க பெரியவரே." விரல்களைத் தொடாமல் உருவ முடியவில்லை. தொட்டுத்தான் உருவினார்.

நாலு வரி காலியாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் புரட்டினார். மூணுதான் காலி. நாலாவது வரியில், இந்த மாசத்து வரியில், பென்சிலால் எழுதியிருந்தது:

1-ந் தேதி. 11.10. ஏட்டு வந்தார்.

கையெழுத்துக் கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது.

எவ்வளவு நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாரோ, ஜீப் வந்ததும் தெரியவில்லை, பின்பக்கம் பூட்ஸ் சத்தம் வந்ததும் தெரியவில்லை.

"ஏட்டு!"

மேடம். அவர் பார்வை முதலில் தரைக்குப் போனது, பிறகு நாள்காட்டிக்கு, பிறகு ஏட்டுவின் கைக்கு. ஒரு கையில் நோட்டு, ஒரு கையில் மூடி கழற்றிய பேனா.

"ஆம்புலன்ஸ் வர எவ்வளவு நேரம்னு கேட்டு, வாசல்லயே நில்லு" என்று பின்னால் வந்த போலீஸ்காரரை வெளியே அனுப்பிவிட்டு, கையை நீட்டினார். "குடு."

நோட்டைப் புரட்டினார். ஒவ்வொரு காலி வரியையும் விரலால் தொட்டார்.

"மூணு மாசம் வரவே இல்லை. ஆனா எனக்குப் பட்டியல் மட்டும் கரெக்டா வந்திருக்கு. நானும் கண்ணை மூடிக்கிட்டு ஒப்பம் போட்டு மேல அனுப்பிக்கிட்டே இருந்திருக்கேன். என்னய்யா நெனச்சுக்கிட்டிருக்கே? இது என்ன, வீட்டுப்பாடமா?"

"மேடம்…"

"பேசாதே." நாலாவது வரிக்கு விரல் வந்து நின்றது. வாய்விட்டுப் படித்தார். "ஏட்டு வந்தார்." முகத்திலிருந்த இறுக்கம் மெதுவாகத் தளர்ந்தது. "இந்த மாசம் வந்திருக்கே."

ஏட்டுவின் பார்வை பெயிண்ட் பெயர்ந்த கதவுக்குப் போனது.

"அவர் கையாலேயே எழுதி வெச்சிருக்கார். இதைவிட வேற சாட்சி என்ன வேணும்? ஒண்ணாந்தேதி ஆள் நல்லா இருந்திருக்கார். நாள்காட்டி மூணாந்தேதியில நிக்குது. நீ பார்த்துட்டுப் போனப்புறம், மூணாந்தேதி விழுந்திருக்கார். வயசானவர், யார் என்ன பண்ண முடியும்?" குரலைத் தணித்தார். "இந்த அறிக்கையில உன் பேர் மட்டும் இல்லை, என் பேரும் இருக்கு. பேனாவைத்தான் திறந்து வெச்சிருக்கியே. அந்த மூணு வரியையும், இந்தக் கட்டத்தையும் முடிச்சிடு. நான் பக்கத்து வீட்டு அம்மாகிட்டே பேசிட்டு வர்றேன். திரும்பிப் பார்க்க மாட்டேன்."

நோட்டை அவர் கையில் திணித்துவிட்டுச் சமையலறை வாசலுக்குப் போனார். அங்கே தையல்காரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள்.

எதற்காக மதில் ஏறிக் குதித்தாரோ அது நடந்துவிட்டது. தேங்காயும் கொடுத்து உடைத்தும் கொடுத்த கதை. ஏட்டு நோட்டைச் சுவரில் வைத்தார். முதல் காலி வரியில் பேனா முனையை ஊன்றினார்.

"ஒரு சத்தமும் கேக்கலையாம்மா?" மேடத்தின் குரல்.

"மெஷின் ஓடினா இடி விழுந்தாக்கூட எனக்குக் கேக்காதுங்க. ஒரே சுவர்தானுங்களே நடுவுல! விழுந்தவர் கூப்பிடாம இருந்திருப்பாரா? தட்டாம இருந்திருப்பாரா? பெத்த அப்பன் மாதிரி என் வீட்டு மீட்டரைக்கூட வாராவாரம் பார்த்துச் சொல்லுவாரு. கேட்டிருந்தா ஓடி வந்திருப்பேனுங்களே. பாவிங்க நான். படுபாவி."

பேனா நகரவில்லை. மை ஒரே இடத்தில் ஊறிப் பெரிய பொட்டாகப் பரவியது.

"அழாதீங்கம்மா" என்றார் ஏட்டு. குரல் அவருடையது மாதிரியே இல்லை. "நீங்க ஒண்ணும் பாவி இல்லை."

மேடம் திரும்பினார். "முடிச்சிட்டியா?"

ஏட்டு பேனாவை மூடினார். சட்டைப் பையிலிருந்து மூணு தாளையும் எடுத்து, நீவி, மேசை மேல் வரிசையாக வைத்தார். முப்பத்தொண்ணு. ஒண்ணு. ரெண்டு.

"நான்தான் கிழிச்சேன் மேடம். அவர் விழுந்தது முப்பத்தொண்ணாந்தேதி."

மேடத்துக்கு முகம் வெளுத்தது. "பைத்தியமா உனக்கு? அப்போ இந்த வரி? விழுந்து கிடக்கிறவர் எதுக்கு நீ வந்தேன்னு எழுதணும்? வராத ஆளைக் காப்பாத்தவா?"

"எழுத்தைப் பாருங்க. அவர் எழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கும். இது சரிஞ்சு கிடக்கு. தரையில படுத்துக்கிட்டே எழுதினது."

"சரி, படுத்துக்கிட்டே எழுதட்டும். நீ போகலை. போகாமலே நலம்னு எழுதிட்டே. கவனக்குறைவு. சஸ்பெண்ட் ஆவே, விசாரணை வரும், ஆறு மாசத்துல திரும்பி வந்துடுவே. அதை மட்டும் எழுதிக் குடு. போகலைன்னு மட்டும் எழுது. போதும்."

அதையும் எழுதிவிடலாம். போகவில்லை என்று ஒரு வார்த்தை. இந்த ஊரே நம்பும். பன்னிரண்டு நாளாக ராப்பகலாக அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வருவதும் அதுதான்.

கீழே கிடந்த டம்ளரைப் பார்த்தார். அதன் நசுங்கிய அடியைப் பார்த்தார்.

"அவர் என்னைக்கும் தப்பா ரீடிங் எழுதினதில்லை மேடம்" என்றார். "பதினோரு மணி பத்து நிமிஷத்துக்கு இந்தக் கேட்டைத் திறந்தேன். பன்னண்டுக்குள்ள பட்டியல் போகணும். உள்ளே டொக் டொக்னு தட்டினார். டீக்குக் கூப்பிடுறார், போனா ஒரு மணி நேரம் விடமாட்டார்னு கேட்டைச் சாத்தினேன். பைக்கை உதைக்கிறப்பதான் காதுல உறைச்சுது. சத்தம் மேசையிலேருந்து வரலை. கதவோட அடியிலேருந்து வருது."

வெளியே தையல்காரம்மாவின் அழுகை நின்றிருந்தது.

"பைக்கை உதைச்சேன் மேடம். ஏன்னா, பட்டியல்ல ஏற்கனவே நலம்னு எழுதிட்டேன்."