உள்வரும் அழைப்பு மட்டும்

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்று முதலிலேயே கையடித்துச் சத்தியம் செய்தாயிற்று. நம்பாதவர்கள் நேரே போய் அந்த டவரையே விசாரித்துக்கொள்ளலாம். அது ஆமாம் என்று சொல்லாது. ஆனால் இல்லை என்றும் மறுக்காது. அரசாங்கம் நட்டது எதுவுமே அப்படித்தான்.

டவர் வருவதற்கு முன்பும் அந்த ஊரில் எல்லார் கையிலும் போன் இருந்தது, சிக்னல்தான் இல்லை. கூரைமேல் ஏறி, காற்று வரும் பக்கம் காதைக் கொடுத்து நின்றால் எப்போதாவது பாதி ஹலோ கிடைக்கும். ரேஷன் கடை எடையாளருக்கு ஒருமுறை 'ஹ' மட்டும் வந்தது. மீதி 'லோ' அடுத்த கோடையில் அவர் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது வந்து சேர்ந்தது. அதற்குள் யார் எதற்காகக் கூப்பிட்டோம் என்பது கூப்பிட்டவருக்கே மறந்துபோயிருந்தது.

அப்படிப்பட்ட ஊருக்குத்தான் டவர் வந்தது. டவர் என்றால் திறப்பு விழா உண்டல்லவா? விழா நகரத்து மைதானத்தில். அமைச்சர் மேடையிலிருந்து ஊருக்கு முதல் அழைப்பு போடுவார். ஊரிலிருந்து ஒரு சாதாரணக் குடிமகன் எடுத்துப் பேசுவார். பேச்சு முழுக்க ஒலிபெருக்கியில் கேட்கும். இதை நடத்திக் கொடுக்க வந்த விளம்பர அதிகாரி, வந்த நாளிலிருந்து ஒத்திகை ஒத்திகை என்றே உயிரை வாங்கியதால் ஊர் அவருக்கு ரிகர்சல் சார் என்று பெயர் வைத்துவிட்டது.

குடிமகனாகத் தேர்வானவர் பஞ்சர் கடைக்காரர். காற்றடிக்கும் மோட்டார் சத்தத்தை மீறிக் கத்திக் கத்தி அவருக்கு வாய்த்திருந்த குரலில் அவர் ரகசியம் பேசினால்கூடப் பக்கத்துத் தெருவில் பதில் சொல்வார்கள். ரிகர்சல் சாருக்கு அது பிடித்துப்போயிற்று.

"அமைச்சர் கேக்குதான்னு கேப்பார். நீங்க, 'கேக்குதுங்க ஐயா. எங்கம்மாவுக்கு நெஞ்சு வலி, ஆம்புலன்ஸ் அனுப்புங்க'ன்னு சொல்லணும். அவர் உடனே கொடியசைச்சு வண்டியை அனுப்புவார். அவ்வளவுதான்."

"எங்கம்மா செத்துப் பல வருஷமாச்சே சார்."

"அதனால என்ன? நெஞ்சு வலிதானே, வந்துட்டுப் போகட்டும்."

கடைக்குள் டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்த பஞ்சர்காரரின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "உயிரோட இருந்தப்ப ஒரு தலைவலி மாத்திரை வாங்கிக் குடுக்கல, இப்ப ஆம்புலன்ஸ் கேக்குது பாரு இந்த மகன்!"

அவள் தம்பி ஸ்டூலில் உட்கார்ந்து அமைச்சராக நடித்துக்கொண்டிருந்தான். "மாமா, நீங்க அழறது ஜலதோஷம் பிடிச்ச மாதிரி இருக்கு. உள்ளேருந்து வரணும்."

"உள்ளேருந்து வர்றதுக்கு நீ என்ன எனக்கு வாந்தி மருந்தா குடுத்திருக்க? போ மாப்ள, வேலையைப் பாரு."

ஒத்திகைக்கென்று ரிகர்சல் சார் ஒரு புதுப் போனைக் கொடுத்தார். பஞ்சர்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுலேருந்து நான் யாரையாச்சும் கூப்பிடலாமா சார்?" என்றார்.

"அதுக்கு இன்னும் உத்தரவு வரல. இப்போதைக்கு வர்றது மட்டும்தான், போறது கிடையாது."

விழா நாள் காலையில் லாரிகள் வந்தன. மைதானம் நிறைய வேண்டுமே, ஆகவே ஊரையே வழித்து ஏற்றிக்கொண்டு போனார்கள். நடக்க முடிந்தவர்கள் லாரியில். வண்டி வைத்திருந்தவர்கள் லாரிக்குப் பின்னால் வண்டியில். ரிகர்சல் சார் வந்த ஜீப்பும் ஆள் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. மைத்துனன் லாரியின் தலைமேல் ஏறி நின்று, "மாமா, கூட்டத்துல முதல் கைதட்டு என்னோடதுதான்!" என்று கத்திக்கொண்டே போனான். ஊரில் மிஞ்சியது பஞ்சர்காரர், அவர் மனைவி, ரிகர்சல் சார், எழுந்து நடமாட முடியாத சில கிழடுகள். கடையிலும் வண்டிகள் கிடந்தன. ஆனால் ஓடுகிற வண்டியை யார் பஞ்சர் கடையில் விட்டு வைப்பார்கள்?

டவரைப் படம் பிடித்து அனுப்ப வேண்டும், அடியில் மண்டிக் கிடந்த புதர் படத்துக்கு அழகாக இல்லை என்று ரிகர்சல் சார் குறைப்பட்டார். "அதுக்கென்ன, நான் வெட்டிப் போட்டுடறேன்" என்று அரிவாளை எடுத்துக்கொண்டு போனவள் பஞ்சர்காரரின் மனைவிதான். புதர் பாதி வெட்டுப்பட்டபோது உள்ளே குடியிருந்த பாம்பு வெளியே வந்தது. கணுக்காலுக்கு மேலே கடித்தது. அது பாட்டுக்கு டவரைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது.

அவள் நடந்தேதான் கடைக்கு வந்தாள். "ஏதோ கடிச்ச மாதிரி இருக்குங்க" என்று பெஞ்சில் உட்கார்ந்தாள். பஞ்சர்காரர் பல் பதிந்த இடத்தைப் பார்த்தார். ஓட்டை தேடிப் பழகிய கண்ணுக்கு அந்த இரண்டு புள்ளிகளும் உடனே தெரிந்தன.

"சார், போனைப் போடுங்க! ஆஸ்பத்திரிக்குப் போடுங்க!"

"அதுல போகாதுய்யா, வர்றது மட்டும்தான்" என்று ரிகர்சல் சார் சொன்னார். "நான் சொல்றதைக் கேளு. இங்கேருந்து சைக்கிள்ல கிளம்பினா வெயில் சாயறதுக்குள்ள போய்ச் சேரமாட்ட. அமைச்சர் இப்ப கூப்பிடுவாரு. ஆம்புலன்ஸ் மேடைக்குப் பக்கத்துலயே பூ கட்டித் தயாரா நிக்குது. விஷயத்தைச் சொல்லு, பறந்து வந்துரும்."

கணக்குச் சரியாகத்தான் இருந்தது. பஞ்சர்காரர் மனைவியைப் பெஞ்சில் சாய்த்துவிட்டுப் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அமைச்சருக்கு முன்னால் வரவேற்புரை ஒன்று, வாழ்த்துரைகள் பல இருந்தன. அத்தனையும் முடிகிற வரைக்கும் போன் வாயைத் திறக்கவில்லை.

திறந்தபோது அப்படி ஒரு தெளிவு. அமைச்சர் தண்ணீர் குடித்து விழுங்கியதுகூடக் கேட்டது.

"வணக்கம்! நான் பேசறது கேக்குதா?"

"கேக்குதுங்க ஐயா. ஐயா, என் சம்சாரத்தைப் பாம்பு கடிச்சிருச்சுங்க. உடனே வண்டி அனுப்புங்க ஐயா."

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம். "நெஞ்சு வலின்னுல்ல போட்டிருக்கு?" என்று யாரோ கிசுகிசுத்தார்கள். அமைச்சர் எத்தனையோ மேடை பார்த்தவர், அசருவாரா?

"பாம்பா? எந்தப் பாம்பு? எதிர்க்கட்சிப் பாம்பா?"

மைதானம் சிரித்த சிரிப்பில் போன் கையில் அதிர்ந்தது.

"ஐயா, விளையாட்டில்லீங்க! டவருக்குக் கீழ புதர் வெட்டிக்கிட்டிருந்தா. நிஜமாவே கடிச்சிருச்சு. அவளுக்குப் பேச்சுக் குழறுதுங்க!"

"கேட்டீங்களா மக்களே! பேச்சுக் குழறுதுங்கறதுகூடக் குழறாம கேக்குது. இதுதான் நம்ம டவர்!"

கைதட்டல். பஞ்சர்காரர் தன் குரல் முழுவதையும் திரட்டிக் கத்தினார். "மாப்ள! கூட்டத்துல இருக்கியாடா? உங்கக்காடா! சத்தியமா உங்கக்காதான்டா!"

வெகு தூரத்திலிருந்து, ஆயிரம் தலைகளுக்கு அப்பாலிருந்து, மைத்துனனின் குரல் வந்தது. "இருக்கேன் மாமா! விடாதீங்க, பிச்சு உதறுங்க! இன்னிக்குத்தான் உள்ளேருந்து வருது!"

"சார், நீங்க சொல்லுங்க சார்" என்று பஞ்சர்காரர் போனை நீட்டினார். ரிகர்சல் சார் பின்வாங்கினார். அமைச்சர் பேசும்போது குறுக்கே பேசிய அதிகாரி யாரும் அந்தத் துறையில் மிஞ்சியதில்லை. பிறகு ஏதோ தோன்றி அவர் கையை நீட்டியபோது, "கவலைப்படாதீங்க, வண்டி இதோ புறப்படுது!" என்று அமைச்சர் முழங்கினார். சைரன் ஊளையிட்டுக் கிளம்பியது. கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து தூரத்துக்குப் போனது. அழைப்பு அறுந்தது.

"கிளம்பிருச்சு" என்று பஞ்சர்காரர் பெஞ்சுக்கு ஓடினார். "நானே கேட்டேன். சைரன் போட்டுக்கிட்டுக் கிளம்பிருச்சு."

ரிகர்சல் சார் பளபளவென்று பாலிஷ் போட்டிருந்த செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நகரத்துச் சாலையில் ஓட ஆரம்பித்தார். வண்டிதான் வருகிறதே, இவர் எதற்கு ஓடுகிறார் என்று பஞ்சர்காரருக்கு விளங்கவில்லை.

"நல்லா பேசினீங்களா?" என்றாள் அவள். நாக்கு கனத்துவிட்டது.

"கை தட்டினாங்க."

"அப்படின்னா சரி." இமைகளைத் தூக்கப் பார்த்தாள், முடியவில்லை. "மழை வர்ற மாதிரி இருட்டுதே. வெளியில காயப்போட்ட டியூபை எடுத்து உள்ள வைங்க."

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அவர் டியூபை எடுத்து உள்ளே வைத்தார்.

சாலையில் வண்டி இல்லை, தூசி இல்லை, சத்தம் இல்லை. பெஞ்சின் நிழல் பெஞ்சை விட்டுத் தள்ளிப் போன பிறகு பஞ்சர்காரர் எழுந்தார். கிடந்ததில் நல்ல சைக்கிளாகப் பார்த்து, தன் ஆயுளிலேயே வேகமாக ஒரு பஞ்சர் ஒட்டினார். அவளைக் கேரியரில் உட்கார வைத்து, விழுந்துவிடாமல் ஒரு லாரி டியூபை அறுத்து அவளையும் தன்னையும் சேர்த்துக் கட்டினார். மிதித்தார். முதலில் அவள் மூச்சு முதுகில் சுட்டது. மேட்டில் ஏறும்போதும் சுட்டது. இறக்கத்தில் காற்று அடித்ததால் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

பாதி வழியில் லாரிகள் எதிரே வந்தன. பாட்டும் விசிலுமாக ஊர் திரும்பிக்கொண்டிருந்தது. மைத்துனன் ஓடும் லாரியிலிருந்தே குதித்து ஓடி வந்தான்.

"மாமா! கலக்கிட்டீங்க மாமா! பாம்புன்னு மாத்தினீங்க பாருங்க, அங்கதான் நிக்கறீங்க! என்னது, அக்காவையும் கூட்டிக்கிட்டுப் பரிசு வாங்கக் கிளம்பிட்டீங்களா?"

"ஆம்புலன்ஸ் எங்கடா?"

"ஆம்புலன்ஸா? அது மைதானத்தை ஒரு சுத்துச் சுத்திட்டு மேடைக்குப் பின்னால வந்து நின்னுருச்சே. அப்படித்தானே எழுதியிருந்துச்சு? டிரைவர் எங்ககூட உக்காந்துதான் சாப்பிட்டாரு." பேசிக்கொண்டே அக்காவின் முகத்தைப் பார்க்கக் குனிந்தான். "வழியில ரிகர்சல் சார்கூட ரோட்டு நடுவுல நின்னு ரெண்டு கையையும் ஆட்டினாரு. நாங்களும் ஆட்டிட்டு வந்தோம்... அக்கா? மாமா, அக்கா ஏன் இப்படிச் சாஞ்சிருக்கா?"

டியூபை அறுக்கக் கத்தி தேடினார்கள். லாரி திரும்பியது. பாட்டு நின்ற லாரியில் மைத்துனன் தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் திணித்து, அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டு வந்தான். ஆஸ்பத்திரியில் டாக்டர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்த வேகத்தில் விட்டுவிட்டார். "கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருக்கக் கூடாதா?" என்று கேட்டார். அதற்குப் பஞ்சர்காரர், வாழ்க்கையில் முதல்முறையாக, யாருக்கும் கேட்காத குரலில் ஏதோ சொன்னார்.

மறுநாள் செய்தித்தாளில் அமைச்சர் கொடியசைக்கும் படம் வந்தது. அழைத்த நொடியிலேயே ஆம்புலன்ஸ் புறப்பட்டதாகவும், கடைக்கோடிக் கிராமத்துக் குரல் பக்கத்து அறையில் பேசுவது போலத் தெளிவாகக் கேட்டதாகவும், கூட்டம் கண்கலங்கச் சிரித்ததாகவும் எழுதியிருந்தார்கள்.

அந்த டவருக்கு மின் இணைப்புக் கொடுத்தது அடுத்த வருடம்தான்.