சதுரத்தைத் தூக்கிய திரை

எறையூர் ராஜவேலுக்குச் சிவப்பும் ஆரஞ்சும் ஒன்றுதான். பிறவியிலேயே கண் அப்படி. இந்த லட்சணத்தில் அவனுக்கு வாய்த்த வேலை, விமானி அறைத் திரைகளைச் சோதித்துப் பார்ப்பது. வேலைக்குச் சேரும்போது நிறப் பரிசோதனை வைத்தார்கள். புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்களைப் பக்கவாரியாக மனப்பாடம் செய்துகொண்டு போய்க் கடகடவென்று ஒப்பித்தான். டாக்டர் முதுகில் தட்டிக்கொடுத்து அனுப்பினார், பாவம்.

ஆறு வருடம் வண்டி ஓடியது. பக்கத்தில் வரும் விமானம் திரையில் ஆரஞ்சு வட்டம்; மோத வரும் விமானம் சிவப்புச் சதுரம். நிறம் ஏமாற்றினாலும் வடிவம் அவனைக் கைவிட்டதில்லை.

இந்த முறை, சிறிய விமானங்களுக்கான புதிய திரையில் எவனோ ஒரு புண்ணியவான் சதுரத்தைத் தூக்கிவிட்டான். இடத்தை அடைக்கிறதாம். எல்லாமே வட்டம், நிறம் மட்டும் மாறும். பெரம்பலூர் வாடகை வீட்டில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ராஜவேல் இரண்டு நாளாக முழித்தான். எது மோத வருகிறது என்று சத்தியமாகத் தெரியவில்லை.

மனைவி பூவிழிக்கு மட்டும்தான் அவன் கண் விஷயம் தெரியும். "சதுரம் வேணும்னு சொல்லிடுங்க," என்றாள்.

"ஏன்னு காரணம் கேப்பாங்க. வேலை போயிரும்."

"ஓட்டுறவங்க உசுரு போயிருமேங்க."

மறுநாள் காலை, குழுத் தலைவி ஹேமலதா வீடியோ காலில் எல்லோரையும் கூட்டினாள். "நிறம் மட்டும் போதுமான்னு எனக்கே ஒரு சந்தேகம். ஆனா பைலட் எல்லாம் கண் டெஸ்ட் பாஸ் பண்ணவங்கதானே?"

எல்லோரும் ஆமாம் போட்டார்கள். ராஜவேலுக்கு நானும்தான் பாஸ் பண்ணினேன் என்று வாய் வரை வந்தது. தன்னைப் போலவே எண்களை ஒப்பித்துவிட்டு எவனாவது ஒருத்தன் வானத்தில் உட்கார்ந்திருப்பான். அவனுக்காகப் பேச இந்தக் கூட்டத்தில் தன்னை விட்டால் ஆளில்லை.

"ராஜவேல், உங்களுக்கு?"

"தெளிவாத் தெரியுது மேடம்."

"அப்பாடா. உங்க வார்த்தைக்குத்தான் காத்திருந்தேன். நீங்க கொஞ்சம் தயங்கியிருந்தாக்கூட சதுரத்தைத் திரும்பப் போடச் சொல்லியிருப்பேன். காரணம்கூடக் கேட்டிருக்க மாட்டேன்." ஹேமலதா சிரித்துக்கொண்டே கூட்டத்தை முடித்தாள். அரை மணி நேரத்தில் ஒப்புதல் கடிதமும் போய்விட்டது.

கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்ட பூவிழி, "இப்பவாச்சும் கூப்புட்டுச் சொல்லுங்க," என்றாள்.

ராஜவேல் போனை எடுத்தான். தெளிவாகத் தெரிகிறது என்று சொன்ன அதே வாயால் இனி என்னத்தைச் சொல்வது? முகம் தெரியாத அந்த ஒருத்தனை நினைத்து மேஜையில் கவிழ்ந்து விம்மி விம்மி அழுதான். கூப்பிட மட்டும் செய்யவில்லை.