கழுவிய அடுப்புக்கற்கள்

1

இந்தக் கதை இரவல் வாங்கியது. டன்லப் தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து என் பள்ளித் தோழி பரீதா சொன்னது. பரீதா அகழாய்வாளர். மண்ணைத் தோண்டிப் பிழைப்பவள் என்று நான் கேலி செய்வேன். பொய் சொல்லிப் பிழைப்பவன் என்று அவள் திருப்பிக் கொடுப்பாள். அன்று இருவருக்குமே கேலி வரவில்லை.

"எழுதினா எழுது லா," என்றாள். "ஆனா என்னை நல்லவளாக் காட்டிடாதே."

2

தொடக்கம், முதல் முயற்சி: கிராஞ்சிக் கடலோரம் பொன்னாய் விடிந்துகொண்டிருக்க, பரீதா தன்னந்தனியே...

வேண்டாம். அங்கே விடிந்தால் கண்ணுக்குத் தெரிவது சதுப்பு. காதுக்குக் கேட்பது கொசு.

இரண்டாம் முயற்சி: கிராஞ்சிப் பக்கம் ஒரு வெள்ளைக்காரத் துரை கட்டிய பழைய பங்களாவைக் காட்சிக்கூடமாக மாற்ற முடிவெடுத்தார்கள். (தேடிக்கொண்டு போகாதீர்கள். பங்களா, கதைக்காக நான் கட்டியது.) தரையைப் பெயர்த்துப் பார்த்தால், அடியில் கிளிஞ்சல் குவியலும் கரியேறிய மூன்று கற்களும். துரை வருவதற்கு முன்னால் அந்தக் கரையில் வாழ்ந்த ஓராங் லாவுட் என்ற கடல்குடிகளின் அடுப்பு அது. அவர்கள் வழிவந்த குடும்பம் ஒன்று இன்றும் சுவா சூ காங் வட்டாரத்து அடுக்குமாடி வீட்டில் இருக்கிறது. அவர்களையும் சேர்த்துக்கொண்டுதான் தோண்ட வேண்டும், எதைக் காட்டலாம் எதைக் காட்டக்கூடாது என்று அவர்களும் சொல்ல வேண்டும் என மேலிடத்தில் மல்லுக்கட்டி அனுமதி வாங்கியவள் பரீதா.

அலங்காரம் இல்லை, ஆனாலும் நகர்கிறது. இதுவே இருக்கட்டும்.

3

அந்தக் குடும்பத்தில் மூத்தவர் ரொஹானி. அவரை எழுதுவதில்தான் எனக்குச் சந்தேகம். என் முதல் பிரதியில் அவர் கடலைப் பார்த்தபடி நின்று அலைகளோடு பேசினார். பரீதா படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். நிஜ ரொஹானி பள்ளிப் பேருந்தில் பிள்ளைகளை ஏற்றி இறக்கி ஓய்வு பெற்றவர். குழிக்குள் இறங்கினால் முட்டி வலிக்கிறது என்று முணுமுணுப்பார். எல்லோருக்கும் உருளைக்கிழங்கு அடைத்துப் பொரித்த கறிபாஃப் கொண்டுவருவார். பழைய மலாய்ப் பாட்டை ராகம் தப்பிப் பாடுவார். பரீதா அவரைக் 'காக்', அதாவது அக்கா என்றே கூப்பிட்டாள்.

(இருவரும் பேசிக்கொண்டது மலாயில். நான் தமிழில் தருகிறேன். கொஞ்சம் கழுவப்பட்டுத்தான் வரும்.)

தார்ப்பாய் நிழலில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலங்களைப் பிரித்த அந்த மாதங்களைப் பற்றிப் பேசும்போது பரீதாவின் குரல் இளகிவிடுகிறது. சின்ன வயதில் விட்டுவந்த கம்பம் என்ற கிராமக் குடியிருப்பு, கோழிகள் குறுக்கே ஓடும் அந்த மண் பாதை, எல்லாம் திரும்பக் கிடைத்த மாதிரி இருந்ததாம். எனக்கும் அந்தக் கம்பம் தெரியும். அங்கேதான் நாங்கள் இருவரும் சைக்கிள் பழகினோம். இந்தப் பகுதியை இன்னும் நீட்டத்தான் ஆசை.

4

நீட்ட முடியாது. தப்பு இங்கேதான் நடக்கிறது.

தோண்டி எடுத்ததை ஆய்வுக்கூடத்தில் பல் தேய்க்கும் பிரஷால் கழுவிக் காயவைப்பது அவர்கள் தொழிலில் அன்றாட வேலை. பரீதா ஆய்வுக்குத் தேவையான கரித்துணுக்குகளைக் குப்பியில் எடுத்து வைத்துவிட்டு, மூன்று கற்களையும் தானே கழுவ உட்கார்ந்தாள். கம்பத்து வீட்டைக் காலி செய்து அடுக்குமாடிக்குப் போகுமுன் உம்மா தேக்சாப் பாத்திரத்தின் அடியைத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. புது வீட்டுக்குக் கரிச்சட்டியோடு போனால் யாராவது ஏதாவது நினைப்பார்கள் என்று உம்மாவுக்குக் கவலை. அந்த ஞாபகத்தோடு, அந்தப் பாசத்தோடு, பரீதா கற்களைப் பளிச்சென்று தேய்த்து முடித்தாள்.

மறுநாள் பார்க்க வந்த ரொஹானி ஒவ்வொரு கல்லாகப் புரட்டிப் பார்த்தார்.

"கரி எங்கே?"

கல் எந்தக் கரையிலும் கிடக்கும். எங்கள் பெண்கள் கையால் உண்டானது அந்தக் கரி ஒன்றுதான் என்றார். கோபப்படவில்லை. அன்று கறிபாஃப் பையைத் திறக்கவும் இல்லை.

5

குடும்பம் கூடிப் பேசி ஒரு முடிவோடு வந்தது. அந்தக் கற்களில் ஒரு தடவை சமைக்க வேண்டும், அதற்குப் பிறகு காட்சிக்கு வைக்கலாம்; இல்லையென்றால் தாங்கள் விலகிக்கொள்வதாகச் சொன்னார்கள். காட்சிக்கூடப் பொறுப்பாளர் ரெங்கசாமி ஒரே போடாகப் போட்டார். போன ஞாயிற்றுக்கிழமைக் கரியைப் பழங்கரி என்று காட்டினால் ஊர் சிரிக்கும், சமைத்தால் பரீதாவுக்கு இதுவே இங்கே கடைசி வேலை. இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்து தொலைத்தது.

முடிவு, முதல் பிரதி: பரீதா மறுத்துவிடுகிறாள். ரொஹானி பேருந்து நிறுத்தத்தில் தனியாக...

எழுத முடியவில்லை.

முடிவு, இரண்டாம் பிரதி: எல்லோரும் கூடிச் சமைக்கிறார்கள். ரெங்கசாமி மனம் மாறி வந்து மீனைப் பிய்த்து வாயில் போட்டுக்கொள்கிறார். மேலே வானவில். (தேசிய தின விளம்பரம். அடித்துவிட்டேன்.)

6

நடந்தது இது. பரீதா கற்களைத் தன் காரில் வைத்துக் கடற்கரைக்கு எடுத்துப்போனாள். ரொஹானி தீக்குச்சியை அவளிடமே நீட்டினார். அவள் பற்றவைத்தாள். மீன் வெந்தது, எல்லோரும் சாப்பிட்டார்கள். பரீதா உம்மாவை நினைத்து அழுதாள். புகைதான் காரணம் என்று யாரிடமும் பொய் சொல்லவில்லை.

புதுக் கரியை ரொஹானி விரலால் தொட்டுப் பார்த்தார். போனது திரும்பி வராது, ஆனால் அடுப்பு அடுப்பாகிவிட்டது என்றார். பிறகு சொன்னார்:

"வீட்டைக் கட்டினது எந்தத் துரைன்னு பேரோட எழுதி வச்சிருக்கீங்க. எங்க கரியைக் கழுவினது யாருன்னும் பேரோட எழுதுங்க."

7

ரெங்கசாமி சொன்னபடியே செய்தார். பரீதாவுக்கு அங்கே இனி வேலை இல்லை. ஆனால் அந்தக் கூடத்தில் வைக்க அவருக்கு வேறு பொருளும் இல்லை. கற்களை ஏற்றுக்கொண்டார். அவற்றின் கீழே வைக்கும் விளக்க அட்டையை எழுதிக் கொடுப்பதுதான் அவளுக்கு மிச்சமிருக்கும் ஒரே வேலை. எழுத்துக்காரன் என்று அதை என் தலையில் கட்டிவிட்டாள்.

'கற்கள் தூய்மை செய்யப்பட்டன' என்று எழுதிக் காட்டினேன். அவள் தலையாட்டி மறுத்துவிட்டு, கூடத்தில் மாட்டப்போகும் துரை படத்தைக் கைப்பேசியில் காட்டினாள். அதன் கீழே இப்படி இருந்தது: 'கரையோரக் குடிகள் வேறிடத்துக்கு மாற்றப்பட்டனர்.'

பெயரைப் போட்டால் இனி எந்த அகழாய்வுக் குழுவும் அவளைக் கூப்பிடாது. போடாவிட்டால் ரொஹானியின் முகத்தில் அவள் விழிக்க முடியாது. போடு என்கிறாள் அவள். சைக்கிள் பழகும்போது விழுந்தவளைத் தூக்கிவிட்ட இந்தக் கை எழுத மறுக்கிறது. அட்டை அச்சுக்குப் போகவேண்டும். நீங்கள் அவளை இப்போதுதான் அறிந்தவர்கள்; உங்களால் முடியலாம். நான் எழுதியிருப்பது இவ்வளவுதான்:

இந்த அடுப்பின் பழைய கரியைக் கழுவியவர்